காற்றின் மேல் நான் போட்ட பழி

எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து அந்தக் குலை விழுந்தபோது நான் குளியலறையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். முதலில் மதில் இடிந்ததுபோல ஒரு சத்தம். பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். அது ஒரேயடியாக முடியவில்லை. கடைசித் துண்டு தரையில் விழும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. அதன்பின் என் மனைவியின் குரல். அவள் கத்தவில்லை. "இஞ்ச வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படி அமைதியாகக் கூப்பிட்டால்தான் எனக்குப் பயம்.

பாதி முகத்தில் நுரையோடு ஓடினேன். கேற்றுக்கு வெளியே, வீடு வீடாகப் பேக்கரிச் சாமான் விற்கிற பாண் ஓட்டோ நின்றது. வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதிப் பக்கமிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் ஒழுங்கை வழியாகக் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓட்டோ அது. பின்பக்கம் முழுவதும் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தட்டுத்தட்டாகப் பாண், பணிஸ், மீன் வைத்த மாலுபாண். இப்போது அந்தப் பெட்டியின் மேற்பக்கம் உள்ளே குழிந்து, நான்கு பக்கக் கண்ணாடியும் நொறுங்கி, பணிஸ்களுக்கு நடுவில் ஐந்தாறு தேங்காய்கள் கிடந்தன. பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டோ ஓட்டுகிற பெண் என் மனைவிக்குப் பக்கத்தில் நின்றாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஜிந்துப்பிட்டிக்காரி. ஏறக்குறைய ஒரு வருடமாக எங்கள் ஒழுங்கைக்குப் பாண் கொண்டுவருபவள். மனைவியின் கையில் அரை இறாத்தல் பாணைக் கொடுப்பதற்காக இறங்கி இரண்டடி நடந்திருக்கிறாள். அந்த இரண்டடிக்காக நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் அன்று காலை எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல. அதை மறைத்து இதை எழுதுவதில் பயனில்லை. நான் முதலில் அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "என்ன காத்து."

முதல்நாள் பின்னேரம் கொஞ்சம் காற்று அடித்தது உண்மை. அன்று காலையில் ஓலை அசையவில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தவன். நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கோரிக்கைகளைப் பார்த்து, யாருடைய கவனயீனம், யார் பொறுப்பு, எவ்வளவுக்குப் பொறுப்பு என்று அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. மரம் விழுந்தால் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அது விழும் என்று சொந்தக்காரருக்கு முன்கூட்டியே தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தெரியாதென்றால் இயற்கை அனர்த்தம், கோப்பை மூடலாம். "என்ன காத்து" என்பது என் வாயிலிருந்து சும்மா வந்த சொல் அல்ல. முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் வந்த சொல்.

அந்தப் பெண் ஓட்டோவிடம் போனாள். பாட்டை நிறுத்தினாள். பிறகு என் மனைவியிடம் பழைய சாக்கு ஒன்று இருக்குமா என்று கேட்டாள். சாக்கைக் கொடுத்ததும் உடைந்த பெட்டிக்குள் கைவிட்டு, ஒவ்வொரு பாணாக, பணிஸாக எடுத்துச் சாக்கில் போட்டாள். எல்லாவற்றிலும் கண்ணாடித்தூள். ஒன்றும் விற்க முடியாது. எங்கள் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிடலாமே என்று நான் சொன்னேன்.

"வேணாங்கய்யா. நாய், காக்கா கிழிச்சித் தின்னுட்டா வயித்துக்குள்ள கண்ணாடி போயிரும்," என்றாள்.

சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, ஓட்டோவிலேயே வைத்துக்கொண்டு போனாள். தெருநாய்க்குக்கூடத் தன்னால் கெடுதல் வந்துவிடக்கூடாது என்று அவள் பார்த்தாள். நான் உள்ளே போய் மிச்ச முகத்தையும் சவரம் செய்தேன்.

அந்தக் குலையைப் பற்றி எனக்குத் தெரியுமா? தெரியும். அவள்தான் சொன்னாள். தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், காசை வாங்கிக்கொண்டே மேலே பார்த்து, "ஐயா, அந்த ஓலை காஞ்சி தொங்குது, கொலையும் சாஞ்சிருக்கு, ஆள் விட்டுப் பறிச்சிருங்க" என்றாள். வழக்கமாகத் தேங்காய் பிடுங்குகிறவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், ஆள் தேடுகிறேன் என்றேன். தேடவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டேன். பிறகு பங்குனியில் மறுபடியும் சொன்னாள். அதற்கும் ஓம் என்றேன்.

இரண்டாம்முறை சொன்ன பிறகு அவள் எங்கள் கேற்றடியில் நிறுத்துவதைக்கூட விட்டுவிட்டாள். கொஞ்சம் தள்ளி, மூலை வீட்டு மதிலோரம் நிறுத்தினாள். என் மனைவிக்கு முழங்காலில் வருத்தம், அவ்வளவு தூரம் நடப்பது கஷ்டம். "பிள்ளை, முந்தி மாதிரி கேற்றடியிலேயே நிப்பாட்டு" என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். அதனால்தான் அன்று காலை ஓட்டோ அந்த இடத்தில் நின்றது.

இரண்டு நாள் கழித்து அவள் ஓட்டோ இல்லாமல் பஸ்ஸில் வந்தாள். வாசலில் நின்றே பேசினாள். ஓட்டோவும் பெட்டியும் அவளுடையவை அல்ல. ஹெந்தளையில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையவை. தென்னைமரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது அவளுடைய பிழை, நட்டத்தை அவளே கட்டவேண்டும் என்று முதலாளி சொல்கிறார். அது தீரும்வரை வேலையும் இல்லை.

நான் சட்டைப்பையில் கைவிட்டேன். ஏதோ என்னாலான உதவி என்று கொஞ்சம் காசை நீட்டினேன். இதுவும் தொழிலில் படித்ததுதான். உதவியென்று கொடுத்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது.

அவள் கையை நீட்டவில்லை.

"ஒதவி வேணாங்கய்யா. எம்மேல தப்பில்லன்னு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் குடுங்க. அது போதும்."

அவளுக்கு அது ஒரு கடிதம். அதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியும். அவள்மேல் பிழையில்லை என்று எழுதினால் பிழை என்மேல் வந்து நிற்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். மனைவி தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது வாசலில் யாரும் இல்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு இணக்கசபையிலிருந்து கடிதம் வந்தது. சின்னச்சின்ன நட்டஈட்டு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் பேசித் தீர்க்கிற சபை. சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் கூடும். முறைப்பாடு செய்தவர் பேக்கரி முதலாளி. எதிர்த்தரப்பில் இரண்டு பேர்: மரத்துக்குச் சொந்தக்காரன் நான், ஓட்டோ ஓட்டுநர் அவள்.

அந்தக் கிழமை முழுவதும் மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதினேன். நல்ல விளக்கம். ஓய்வுபெற்ற பிறகு அவ்வளவு உற்சாகமாக நான் எதையும் எழுதியதில்லை. பருவக்காற்று, மரத்தின் வயது, எவராலும் முன்னறிய முடியாத நிகழ்வு, மரத்தின் கீழ் வாகனத்தை நிறுத்தியது ஓட்டுநர் தாமாகவே ஏற்றுக்கொண்ட ஆபத்து. ஒரு சொல்கூடப் பொய் என்று காட்டமுடியாதபடி எழுதியிருந்தேன். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அவவைக் கேற்றடியில நிப்பாட்டச் சொன்னது நான்தான். அதையும் எழுதியிருக்கிறியளோ?"

இல்லை என்றேன். அது தேவையில்லாத விபரம் என்றும் சொன்னேன். வெட்டிய போஞ்சியை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று பகல் சாப்பாட்டில் எங்களுக்குள் பேச்சு இல்லை.

சனிக்கிழமை காலை பாடசாலைக்குப் போனேன். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ, சிறுவர்கள் இருக்கும் வாங்குகள். சுவரில் பிள்ளைகள் கீறிய படங்கள். இணக்கசபையில் சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, நாமே பேசவேண்டும். மேசைக்குப் பின்னால் மூன்று மத்தியஸ்தர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் முஸ்லிம் பெரியவர், பல காலம் மருந்துக்கடை நடத்தியவர் என்று பிறகு அறிந்தேன். அவருக்கு இடப்பக்கம் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. வலப்பக்கத்தில் என் வயதுத் தமிழர் ஒருவர். அவர்தான் எல்லாவற்றையும் எழுதினார். சம்பளம் இல்லாமல் விடுமுறை நாளில் வந்து ஊரார் சண்டையைக் கேட்பவர்கள்.

எதிர்த்தரப்பினர் இருவரும் ஒரே வாங்கில் உட்காரவேண்டும் என்றார்கள். அதனால் நானும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் நல்ல சேலை ஒன்று உடுத்தி, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்திருந்தாள். அதற்குள் அவளுடைய ஓட்டுநர் உரிமமும் அடையாள அட்டைப் பிரதியும் மட்டும் இருந்தன.

முதலில் முதலாளி சிங்களத்தில் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. ஆறேழு பாண் ஓட்டோ விட்டிருக்கிறார், ஒவ்வொருவரும் இப்படி உடைத்துக்கொண்டு வந்தால் பேக்கரியை மூடவேண்டியதுதான் என்றார். தென்னைக்குக் கீழே நிறுத்தக்கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

அடுத்து நான் என் இரண்டு பக்கத்தை வாசித்தேன். வாசித்து முடித்ததும் அறையில் ஒரு மரியாதை தெரிந்தது. படித்த மனிதர் ஒழுங்காகப் பேசுகிறார் என்கிற மரியாதை. ஆசிரியை தலையை ஆட்டினார். முதலாளியின் பேச்சும் என்னுடைய பேச்சும் இரண்டு பக்கமிருந்து வந்து நடுவில் இருந்தவள்மேல் விழுந்திருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளிடம் சொல்வதற்கு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். எழுந்து நின்றாள். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தியதாகவும், ஐயா வீட்டு அம்மாவுக்குப் பாண் கொடுக்க இறங்கியபோது குலை விழுந்ததாகவும் சொன்னாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். இரண்டு தடவை ஐயாவிடம் சொன்னேன் என்று அவள் சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதையும் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். எனக்கு நினைவில்லை என்று சொல்வதாக இருந்தேன். அந்தப் பதிலைக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

மருந்துக்கடைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தக் குலை விழப்போகுதுண்டு முந்தி யாராவது ஒங்களுக்குச் சொன்னாங்களா?"

நான் பக்கத்தில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாங்கில் யாரோ பிள்ளை கவராயத்தால் செதுக்கிய எழுத்து ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் சொல்லலாம். சாட்சி கிடையாது. அவள்கூட மறுக்கமாட்டாள் என்று ஏனோ எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம்தான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"ஓம்," என்றேன். "இவதான் சொன்னவ. ரெண்டு தரம் சொன்னவ. நான்தான் கவனிக்கேல்லை."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். நான் எழுந்து மிச்சத்தையும் சொன்னேன். பயந்து தள்ளி நிறுத்திய ஓட்டோவைத் திரும்பவும் கேற்றடிக்கு வரச்சொன்னது எங்கள் வீட்டார் என்பதையும், அன்று காலை காற்றே இல்லை என்பதையும் சொன்னேன். அவமானம் நிறைய இருந்தது. ஆனால் சொல்லி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

ஆசிரியை முதலாளிக்குச் சிங்களத்தில் விளக்கினார். பெரியவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். கண்டிப்பாகக் கேட்கவில்லை. அறிய விரும்பியதுபோல் கேட்டார்.

அவள் விரலை வாங்கிலிருந்து எடுத்தாள்.

"நான் சொல்லி, ஐயா இல்லன்னுட்டாங்கன்னா? அப்பறம் அம்மா மொகத்த நான் எப்பிடிப் பாக்கிறது? பொய் சொன்ன ஆளோட ஒரே வீட்டுல அவங்கதான இருக்கணும்."

இந்த வாக்கியத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வேலை போய், ஒரு மாதமாக வீட்டிலிருந்த ஒருத்தி, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லி என்னைப் பொய்யனாக்க வேண்டாம் என்று நினைத்தாள். என் மனைவிக்காக நினைத்தாள். நானே சொல்வதற்கு அவள் எனக்கு இடம் விட்டிருந்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவள் அப்படித் திட்டமிட்டாளா தெரியாது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

அதன்பிறகு பேச்சு கால்மணி நேரத்தில் முடிந்தது. பெட்டியை நான் புதிதாகச் செய்து கொடுப்பது, அவள் வேலையிழந்த நாட்களுக்கும் நானே பொறுப்பேற்பது, அவளை முதலாளி திரும்ப வேலைக்கு எடுப்பது. அன்றைய பாணையும் பணிஸையும் என் கணக்கில் சேர்க்கலாம் என்றேன். முதலாளி கையை வீசி, அது போகட்டும் என்றார். எழுதியவர் எல்லாவற்றையும் எழுதி வாசித்தார். ஓட்டுநரிடம் கவனயீனம் எதுவும் இல்லை என்ற வரி வந்தபோது அந்தப் பெண் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். அதை நான்காக மடித்து, உரிமத்துக்குப் பின்னால் வைத்தாள்.

வெளியே வரும்போது பெரியவரிடம் போய் நன்றி சொன்னேன். நீங்கள் கேட்ட கேள்விதான் என்னைக் காப்பாற்றியது என்றேன். அவர் சிரித்தார். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பதாகவும், அநேகமானவர்கள் இல்லை என்றுதான் சொல்வதாகவும் சொன்னார். அவருக்கு அடுத்த வழக்கு காத்திருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி முழுவதையும் கேட்டாள். பிறகு என் தட்டில் இரண்டு அகப்பை கூடுதலாகச் சோறு போட்டாள். எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான் வரும்.

பெட்டியை இரத்மலானையில் அலுமினியம் பொருத்துகிற ஒரு பட்டறையில் செய்தோம். அவள் ஓட்டோவைக் கொண்டுவந்தாள், நான் பஸ்ஸில் போனேன். எந்தத் தட்டு எவ்வளவு உயரம், மழை உள்ளே வராமலிருக்கக் கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரிந்தது. பட்டறைக்காரர் என்னிடம் கேட்பார், நான் அவளிடம் கேட்பேன். பிற்பகல் அவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அளவெடுக்கப் போனபோது, ஒரு கேள்வியைக் கேட்டேன். அன்று நான் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?

"வேற வேல பாத்திருப்பேங்க," என்றாள். கோபமோ வருத்தமோ அந்தப் பதிலில் இல்லை.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பழைய கோப்புகள் நினைவுக்கு வந்தன. பக்கத்து வீட்டு மதில் சரிந்து தையல் மெஷின் நசுங்கிய ஒரு விதவை. மதில் வெடித்திருப்பதை முன்பே சொன்னேன் என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுத்தில் ஏதும் உண்டா என்று கேட்டு, இல்லையென்றதும் கோப்பை மூடினேன். விதிப்படி நான் செய்தது சரி. அவர் சொன்னது உண்மையாக இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது.

ஆறேழு மாதம் அவள் முன்போல எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். பிறகு முதலாளி அவளை வீட்டுக்குப் பக்கமாகக் கொட்டாஞ்சேனைப் பகுதிக்கு மாற்றினார். அதற்குச் சம்பளமும் கொஞ்சம் கூடவென்று மனைவியிடம் சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சென்ற மாதம் பழைய சக ஊழியர் ஒருவருக்குச் சுகமில்லை என்று பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவளுடைய ஓட்டோ நின்றது. சுற்றி நான்கைந்து பெண்கள். என்னைக் கண்டதும் சிரித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுகம் விசாரித்தாள். பாண் வாங்க வந்த ஒரு வயதான அம்மா இது யார் என்று கேட்டார்.

"வெள்ளவத்த ஐயா. எனக்கு ஒரு பிரச்சன வந்தப்ப இணக்கசபையில வந்து எம்பக்கம் பேசினவங்க," என்றாள்.

அந்த அம்மா என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் அதை அப்படியே விட்டிருக்கலாம். கேட்பதற்கு நன்றாகவும் இருந்தது. ஆனால் விட முடியவில்லை.

"அப்பிடி இல்லை அம்மா," என்றேன். "பிரச்சினையே என்னாலதான் வந்தது."

அவள் தலையை ஆட்டிச் சிரித்தபடி ஒரு பையில் நான்கு பணிஸைப் போட்டு என் கையில் தந்தாள். காசு வாங்க மறுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பாண் எடுக்கத் திரும்பினாள். நான் பையோடு நண்பரின் வீட்டுக்கு நடந்தேன். அவரும் நானும் தேநீரோடு அவற்றைச் சாப்பிட்டோம்.